அத்தானின் காரும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும்

மலேசியா போய் வந்தவர்கள் பத்துமலைப் படிக்கட்டைப் பற்றி எழுதுவார்கள், மலைமேல் இருக்கும் குளிரைப் பற்றி எழுதுவார்கள், வாங்கி வந்த தைலத்தைப் பற்றிக்கூட எழுதுவார்கள். ஒரு வாரம் இருந்துவிட்டு வந்த எனக்கு எழுதத் தகுதியிருப்பது ஒரு காரின் அடிவயிற்றைப் பற்றித்தான். மற்றதையெல்லாம் அந்தக் காரின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டி மிக மெதுவாகப் போனதால் நன்றாகவே பார்த்தேன்.

போன காரியம் கல்யாணம். என் அக்கா கமலா திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். அவளுடைய ஒரே மகள் வசந்திக்கு ஞாயிற்றுக்கிழமை காலை கிள்ளானில் கோயில் மண்டபத்தில் முகூர்த்தம். தாய்மாமன் மாலை போட்டு மணவறைக்குக் கூட்டிவர வேண்டும். நான் இல்லாமலும் திருச்சியில் கரண்ட் போகும் என்ற தைரியத்தில் மின்வாரியம் எனக்கு லீவு கொடுத்தது.

புதன்கிழமை சுபாங் விமான நிலையத்துக்கு அத்தான் ராஜரத்தினம் வந்திருந்தார். ரயில்வேயில் முப்பது வருஷம் சிக்னல் கேபினில் இருந்து ஓய்வு பெற்றவர். "சிவப்பையும் பச்சையையும் ஒரு நாள்கூட மாத்திப் பாத்ததில்ல மச்சான்" என்று மூச்சுக்கு ஒருமுறை சொல்வார். ஊரில் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பதற்கு முன்பே காரைக் காட்டினார்.

"ஜப்பான்லேருந்து இறக்கினது. ரீகண்டிஷன். கதவைச் சாத்திப் பாரு."

சாத்தினேன்.

"எப்படி?"

"நல்லா மூடுது அத்தான்."

"இன்னொரு தடவ சாத்து."

நாலு கதவையும் சாத்திக் காட்டிய பிறகுதான் என் பெட்டிக்கு டிக்கியில் இடம் கிடைத்தது. டிக்கிக்குள் ஒரு பெரிய பிளாஸ்டிக் புனல் கிடந்தது. அதன் விளிம்பில் சந்தனப் பொட்டு. பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஜப்பானிய எழுத்தில் ஒரு ஸ்டிக்கர். அதற்கும் சந்தனம், குங்குமம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? நல்லதாத்தான் எழுதியிருப்பான்."

நெடுஞ்சாலை என்றால் என்ன என்பதை அன்றுதான் பார்த்தேன். நம் ஊரில் சாலையில் மாடு இருக்கும், நெல் காயும், அதனால் மெதுவாகப் போவோம். இங்கே எதுவுமே இல்லை. இருந்தும் நாங்கள் மெதுவாகத்தான் போனோம். அத்தான் காலால் அழுத்த அழுத்த, கார் இழுப்பு வந்த ஆளைப் போல மூச்சுவிட்டதே தவிர நகர மறுத்தது. பஸ்கள் முந்தின. லோரிகள் முந்தின. சின்ன ஏற்றம் ஒன்றில் ஒரு சவ ஊர்தி எங்களைக் கடந்து போனது. பிணம் எதிரே வந்தால் நல்ல சகுனம் என்பார்கள். பின்னால் வந்து முந்திக்கொண்டு போனால் என்ன பலன் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் போட்டிருப்பதாகத் தெரியவில்லை.

அதோடு ஒரு நாற்றம். அழுகிய முட்டை நாற்றம். விமானத்தில் கொடுத்த சாப்பாட்டின் மீது எனக்குச் சந்தேகம் வந்தது. அத்தானுக்கு என் மீது வந்தது. இருவரும் மரியாதைக்காகப் பேசாமல் வந்தோம்.

பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் இருந்த அடுக்குமாடி வீட்டில் கல்யாணம் முடியும் வரை சைவம். அக்கா சாமி அறைக்குப் பக்கத்தில் மீன் என்ற வார்த்தையைக்கூட விடவில்லை. கார் மட்டும் தினமும் முட்டை சாப்பிட்ட மாதிரி வந்து கீழே நின்றது. மாடிப்படியில் ஒரு பெண்மணி இன்னொருவரிடம் சொன்னது காதில் விழுந்தது: "சைவமாம்! கார்லயே உக்காந்து சாப்டுட்டு வராங்க போல."

வியாழக்கிழமை காலை தோசையும் தே தாரிக்கும். தேநீரைத் தலைக்கு மேலிருந்து ஊற்றி, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் கீழே பிடிக்கிறார்கள். நம் ஊர் டீக்கடைக்காரரும் இதைச் செய்வார், ஆனால் பாதி நம் சட்டையில் இருக்கும். சாப்பிட்டதும் இரட்டைக் கோபுரம் கட்டுகிற இடத்தைக் காட்டுவதாகச் சொல்லி அத்தான் என்னைச் செந்தூலுக்கு அழைத்துப் போனார். அங்கே கட்டிக்கொண்டிருந்தது ஒரு லோரிக்குப் புது கூண்டு. இடம் மணியண்ணன் பட்டறை.

மணியண்ணன் ரயில்வே பட்டறையில் இருந்தவர். எஞ்சின் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டார். கச்சேரி கேட்பதைப் போலத் தலையை ஆட்டினார். "பிளக்" என்றார். பிளக்குகளை மாற்றினார்கள். வேகம் கூடவில்லை. மறுபடி கண்ணை மூடினார். "பெட்ரோல் ஃபில்டர்." அதையும் மாற்றினார்கள். அப்போதும் கூடவில்லை. மூன்றாவது முறை கண்ணை மூடியவர் கொஞ்ச நேரம் திறக்கவில்லை. தூங்கிவிட்டாரோ என்று பயந்தேன்.

"எஞ்சின் நல்லா இருக்கு. ஆனா ஓடல" என்று கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

எங்கள் மின்வாரியத்திலும் இதே முறைதான். கம்பம் நன்றாக இருக்கும், கம்பி நன்றாக இருக்கும், விளக்கு மட்டும் எரியாது. வெளிநாட்டில் நம் ஆட்களைப் பார்த்ததில் எனக்கு ஒரு நெருக்கம் உண்டானது.

"ஒரு டாக்சி வெச்சுக்கலாமே அக்கா" என்று வீட்டில் மெதுவாகச் சொன்னேன். அக்கா என்னை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"அவர்கிட்ட அந்த வார்த்தையச் சொல்லிடாத. முப்பது வருஷம் ஊர்ல உள்ளவங்க எல்லாத்தையும் கொடி காட்டி அனுப்பிக்கிட்டு கேபின்லயே நின்ன மனுஷன். பொண்ணு கல்யாணத்துக்கு மட்டும் நானே ஓட்டிக்கிட்டுப் போவேன்னுதான் இந்தக் காரையே வாங்கினாரு. தாலி ஏறுற நேரம் தப்பினாலும் தப்பும். இவரு வேற வண்டில ஏறமாட்டாரு."

அதைக் கேட்டபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிள்ளான் இருக்கும் தூரத்தையும் கார் போகும் வேகத்தையும் மனதில் வைத்துப் பார்த்தேன். வசந்தியை வெள்ளிக்கிழமையே ஏற்றினால்தான் ஞாயிறு முகூர்த்தத்துக்குப் போய்ச் சேருவோம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை கோயில். அர்ச்சனை வசந்தி பேரில் ஒன்று, கார் பேரில் ஒன்று. வண்டி எண்ணைச் சொன்னபோது குருக்கள் நட்சத்திரம் கேட்கவில்லை, அதுவரை சந்தோஷம். அங்கிருந்து நேரே பெட்ரோல் நிலையம். இரண்டு குழாய்கள் இருந்தன. சிவப்புக் குழாய் ஈயம் கலந்த பழைய பெட்ரோல்; பச்சைக் குழாய் ஈயம் இல்லாத புதுசு. அத்தான் டிக்கியிலிருந்து புனலை எடுத்தார். சிவப்புக் குழாயின் மூக்கு பெரியது, காரின் வாய் சிறியது, உள்ளே போகாது. புனலைச் சொருகி அதன் வழியாக ஊற்றச் சொன்னார்.

"இந்தப் பச்சை பெட்ரோல் கஞ்சித் தண்ணி மச்சான். வாரம் பூரா அதையே குடிச்சா எஞ்சினுக்கு எங்கேருந்து தெம்பு வரும்? அதான் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழம சிவப்பு. பழைய வண்டிக்காரங்க எல்லாருக்கும் தெரியும்."

பெட்ரோல் ஊற்றிய மலாய்க்கார இளைஞர் மூடியைக் காட்டி நீளமாக என்னவோ சொன்னார். "என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"நல்ல வண்டின்னு சொல்றான்" என்றார் அத்தான். பின் இருக்கையில் வசந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நல்ல வண்டி அங்கிருந்து கிளம்பி மேம்பாலத்தில் பாதி ஏறி நின்றது. வசந்தியும் நானும் இறங்கித் தள்ளினோம். கல்யாணப் பெண்ணைப் பாலத்தில் கார் தள்ளவைத்த ஒரே தாய்மாமன் நானாகத்தான் இருக்கும். தள்ளும்போதுதான் அவள் சொன்னாள்.

"மாமா, அந்தப் பையன் சொன்னது வேற. இந்த வாய்க்குப் பச்சைக் குழாய்தான் சேரும், சிவப்பு ஊத்தினா கெட்டுப்போகும்னான். வாராவாரம் அதையேதான் சொல்றான், பாவம்."

"அப்பாகிட்ட சொல்லக்கூடாதா?"

"நீங்க சொல்லுங்க."

நானும் தள்ளுவதைத் தொடர்ந்தேன்.

மாப்பிள்ளை குமரனுக்கு வேலை கிள்ளான் துறைமுகத்தில், ஜப்பானிலிருந்து வரும் பழைய கார்களை இறக்கி வைக்கும் யார்டில். கேட்க வேண்டிய ஆளை விட்டுவிட்டு ஊரையெல்லாம் கேட்டிருக்கிறோம். கல்யாணத்துக்கு முன் பெண்ணும் மாப்பிள்ளையும் பேசக்கூடாது என்பது அக்காவின் சட்டம். ஆகவே சாயங்காலம் நான் போன் செய்தேன். வசந்தி என் காதோடு காது வைத்து நின்றாள். பேசக்கூடாது என்றுதான் சட்டம், கேட்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

"ஸ்டார்ட் ஆகுதா அங்கிள்?"

"ஆகுது."

"நிக்கிறப்ப ஒழுங்கா ஓடும், மிதிச்சா மூச்சு முட்டும். சரியா?"

"சரி."

"முட்டை வாசனை?"

"ஐயோ, ஆமாம்!" அத்தான் என்மேல் வைத்திருந்த சந்தேகப் பழி என் தலையிலிருந்து இறங்கியது.

"அப்ப கன்வெர்ட்டர்தான் அங்கிள். எஞ்சின் புகைய சுத்தம் பண்ணி வெளிய விடற டப்பா. உள்ள தேன்கூடு மாதிரி பொடிப் பொடி ஓட்டையா இருக்கும். அது அடைச்சிருச்சுன்னா புகை வெளிய போகாது, எஞ்சினுக்கு மூச்சு வராது. வண்டியில வேற ஏதாச்சும் ஊத்துனீங்களா?"

"இல்லையே, பெட்ரோல்தான்."

"புனலச் சொல்லுடா" என்றது அடுக்களையிலிருந்து அக்காவின் குரல்.

சொன்னேன்.

"ஈயம் பட்டா அது செத்துரும் அங்கிள்" என்றார் குமரன் மெல்ல. "அதுக்காகத்தான் சிவப்புக் குழாய் போக முடியாதபடி வாயைச் சின்னதா வெச்சிருக்கான்."

ஜப்பான்காரன் எவ்வளவோ யோசித்திருக்கிறான். புனலை மட்டும் யோசிக்கவில்லை.

சோதிக்க ஒரு வழி சொன்னார். கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் குழாய் மூட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். சத்தத்தோடு தெம்பும் வந்தால் நோய் அதுதான். யார்டில் மோதி நசுங்கிய வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய கன்வெர்ட்டர் இருக்கிறது, பொருந்தும், சனிக்கிழமை கிள்ளானுக்குக் கொண்டுவந்தால் மாட்டிவிடலாம் என்றார். "ஆனா மாமாகிட்ட காரணத்த நீங்கதான் சொல்லணும். ஞாயித்துக்கிழம தாலி கட்டணும் அங்கிள், என்ன மாட்டி விட்டுறாதீங்க லா." அங்கே பேச்சுக்கு லா என்று ஒரு வால் உண்டு.

சனிக்கிழமை விடிந்தது. கல்யாண வீட்டு எண்ணெய்க் குளியல். என் தலையில் அக்கா ஊற்றிய நல்லெண்ணெய் கண்ணில் இறங்க, துடைத்துக்கொண்டு மாடியிலிருந்து கீழே பார்த்தால், அத்தானும் தலையில் எண்ணெய் வழிய காரிடம் நின்றிருந்தார். பெட்ரோல் வாயில் புனல். புனலில் டின்னைக் கவிழ்த்து எதையோ ஊற்றிக்கொண்டிருந்தார். இடுப்புத் துண்டோடு ஓடினேன்.

"அத்தான், என்ன இது?"

"எண்ணெய்க் குளியல்" என்றார் அமைதியாக. "மோட்டார் சைக்கிளுக்கு ஊத்துற எண்ணெய். சனிக்கிழமை நமக்குச் சூடு தணிக்கிறோம்ல, அதுக்கும் சூடு இருக்காதா?"

வெள்ளி விருந்து, சனி எண்ணெய் என்று ஒரு ஜப்பான் காரை முழுத் தமிழனாக மாற்றி வைத்திருக்கிறார். இன்னும் காது குத்தவில்லை, அவ்வளவுதான்.

செந்தூலில் மணியண்ணன் குழாய் மூட்டைத் தளர்த்தினார். கார் ஒரு கர்ஜனை செய்தது. தெருவில் படுத்திருந்த நாய்கள் எழுந்து இடத்தைக் காலி செய்தன. அத்தான் காலை வைத்ததும் வண்டி துள்ளிப் பாய்ந்தது. நோய் உறுதியானது. ஆனால் அத்தானுக்குப் பிறந்தது வேறு யோசனை.

"அட, சத்தம் போட்டா ஓடுது! இப்படியே கல்யாணத்துக்குப் போயிரலாம் மச்சான்."

"அப்பா, நாதஸ்வரத்துக்குச் சொல்லிட்டீங்க, அதுவே போதும்" என்றாள் எங்களோடு வந்திருந்த வசந்தி.

ஏதாவது காரணம் சொல்லியாக வேண்டும். "அடியில இருக்கிற டப்பா ஜப்பான் குளிருக்குச் செஞ்சது அத்தான், நம்ம வெயிலுக்குத் தாங்கல" என்றேன். மின்வாரியத்தில் புகார் கொடுக்க வருபவர்களிடம் பேசிப் பழகிய நாக்கு, பொய் தடங்கலில்லாமல் வந்தது. அத்தான் உடனே ஒப்புக்கொண்டார். "அதான பாத்தேன். நம்ம பராமரிப்புல குறை வர்றதுக்கு வழியே இல்லையே."

வசந்தியை வீட்டில் இறக்கிவிட்டு, கிள்ளான் வரை ஜன்னல்களைத் திறந்துபோட்டுக்கொண்டு, விமானம் தரையில் ஓடுவது போல நானும் அவரும் போனோம். புதன்கிழமை எங்களை முந்திய லோரிகள் இன்று வழிவிட்டன. போன பிறகு வேறொரு சிக்கல். மாப்பிள்ளைக்குக் காலையிலேயே காப்புக் கட்டியாகிவிட்டது. அவர் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. பெண்ணின் அப்பா கல்யாணத்துக்கு முதல் நாள் சம்பந்தி வீட்டில் வெறுங்கையோடு காலை வைக்கக்கூடாது. தெருமுனையில் ஒட்டுக்கடை என்று அவர்கள் சொல்லும் சின்னச் சாப்பாட்டுக் கடையில் அத்தான் பரோட்டா போன்ற ரொட்டி சானாய்க்குச் சொல்லிவிட்டு, தான் கிள்ளானிலேயே இல்லாதது போல உட்கார்ந்துகொண்டார். சித்தப்பாவின் அம்பாசிடரில் பழகிய கையோடு நான் காரை உறுமவிட்டபடி மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஏணியிலிருந்து இறங்கிவிட்டார்கள்.

குமரன் மணிக்கட்டில் காப்போடு, முகத்தில் நலுங்கு மஞ்சளோடு காருக்கு அடியில் படுத்தார். சூடு ஆறும் வரை காத்திருந்து, துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, ஒவ்வொன்றாகத் தட்டிக் கழற்றினார். பழைய கன்வெர்ட்டரை எடுத்துக் குலுக்கினார். உள்ளே உடைந்த துண்டுகள் கடகடவென்றன. ஒரு பக்கம் கண்ணை வைத்து வானத்தைப் பார்க்கச் சொன்னார். ஒன்றும் தெரியவில்லை, சாம்பல் அப்பிய இருட்டு. யார்டிலிருந்து வந்ததைக் கொடுத்தார். சல்லடைக்குள் வெளிச்சம் போல வானம் பொடிப் பொடியாகத் தெரிந்தது.

அவருடைய அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "மஞ்சள் பூசி உக்கார வெச்சா, இவன் கறுப்பு பூசிக்கிட்டு நிக்கிறான்! பொண்ணு வீட்டுல காரச் சீரா குடுப்பாங்கன்னு கேட்டிருக்கேன், ரிப்பேருக்குக் குடுப்பாங்கன்னு இப்பதான் பாக்குறேன்."

கோபத்தில் சொன்னாரா, கேலியில் சொன்னாரா என்று தெரியவில்லை. நான் பந்தலைப் பாராட்டினேன்.

குழாய் மூட்டில் புது வளையம் வைத்துக் கன்வெர்ட்டரை மாட்டி முடித்ததும் கார் முனகலாக, அடக்கமாக ஓடியது. குமரன் கையைத் துடைத்துக்கொண்டு, "சொல்லிட்டீங்களா அங்கிள்?" என்று கேட்டார். ஜப்பான் குளிர்க் கதையைச் சொன்னேன். அவர் முகம் விழுந்தது.

"அப்ப அடுத்த வெள்ளிக்கிழம மறுபடியும் சிவப்புத்தான் ஊத்துவாரு. இதுவும் செத்துரும். யார்டுல இன்னொண்ணு இல்ல."

எனக்கும் அது தெரியாமலில்லை. கடையில் மூன்றாவது ரொட்டியில் இருந்தவரிடம் போய், உங்கள் கையால்தான் உங்கள் காரைக் கெடுத்தீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துணிச்சல் வரவில்லை என்றும் சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பின் இருக்கையில் வசந்தி, அவளுக்குப் பக்கத்தில் அக்கா, மடியில் மாலைக் கூடையோடு முன்னால் நான். அத்தான் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, கேபினில் நிற்பதைப் போல விறைப்பாக உட்கார்ந்து ஓட்டினார். ஏற்றங்கள் இருந்த இடமே தெரியவில்லை. முட்டை வாசனை போய் மல்லிகை வாசனை வந்தது. ஒருமுறை கண்ணாடியில் பின்னால் இருந்த மகளைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். "ரோட்டப் பாருங்க" என்று அக்கா சொன்ன குரலும் சரியாக வரவில்லை. பேச்சை மாற்ற, கார் நன்றாகப் போகிறது என்றேன்.

"வாரா வாரம் எண்ணெய் வெச்ச உடம்பு மச்சான், வீண் போகுமா?" என்றார்.

தாலி நேரத்துக்கு ஏறியது. தேங்காய்ப்பால் பாயசம் எனக்குப் பழகவில்லை. ஆனாலும் இரண்டு முறை வாங்கினேன்.

செவ்வாய்க்கிழமை எனக்கு விமானம். விருந்துக்கு வந்திருந்த மாப்பிள்ளைதான் காரை ஓட்டினார். அத்தான் அவர் பக்கத்தில். பின்னால் வசந்தியும் நானும். வழியில் அதே பெட்ரோல் நிலையம். குமரன் இறங்கினார்.

"மாமா, புனலக் குடுங்க. இனிமே பெட்ரோல் போடறத நான் பாத்துக்கறேன்."

அத்தான் டிக்கியிலிருந்து புனலை எடுத்து, சீர்த்தட்டு கொடுப்பது போல இரண்டு கையாலும் கொடுத்தார். குமரன் அதைப் பயபக்தியோடு வாங்கிக் காரின் வாயில் சொருகினார். பிறகு உடம்பால் குழாயை மறைத்துக்கொண்டு, புனலுக்குள் பெட்ரோல் விட்டார். அந்த மலாய்க்கார இளைஞர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார், என்னவோ கேட்டார்.

"என்ன சொல்றார்?" என்றேன்.

"நல்ல வண்டின்னு சொல்றான் மாமா" என்றாள் வசந்தி, கண்ணைச் சிமிட்டாமல்.

புனலே தேவைப்படாத அந்தச் சின்ன மூக்குக் குழாயின் நிறம், குமரனின் முழங்கைக்குக் கீழே நன்றாகத் தெரிந்தது. பச்சை. எனக்குத் தெரிந்தது முப்பது வருஷம் சிக்னல் பார்த்த கண்ணுக்குத் தெரியாமலா போகும்? அத்தான் குழாயைப் பார்த்தார். மாப்பிள்ளையின் மணிக்கட்டில் இன்னும் அவிழ்க்காத காப்பைப் பார்த்தார். நான் மடியில் வைத்திருந்த என் பெட்டியின் பூட்டை ஆராய்ந்தேன்.

"ஃபுல்லா ஊத்துங்க மாப்பிள்ள" என்றார்.

பிறகு டிக்கியின் மூலையைத் துழாவி, சனிக்கிழமை எண்ணெய் டின்னை எடுத்தார். பாதிக்கு மேல் இருந்தது. அதைக் கொண்டுபோய் அந்த இளைஞரின் கையில் கொடுத்து, ஓரமாக நிறுத்தியிருந்த அவருடைய மோட்டார் சைக்கிளைக் காட்டினார். திரும்பி வந்து, கார்க் கதவைத் திறந்து உட்கார்ந்து, மெதுவாகச் சாத்திக்கொண்டார். எப்படி மூடுகிறது என்று இந்த முறை என்னைக் கேட்கவில்லை.